ஏழாம் எண் வீட்டில் எரிந்த அடுப்பு

நிவாரண வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சொன்னதை எழுதியும் கொடுங்கள் என்கிறார்கள். நம் தொழிலின் லட்சணமே இதுதான். எதையும் ஒருமுறை செய்தால் போதாது, காகிதத்திலும் ஒருமுறை செய்ய வேண்டும்.

நீங்கள் கழுத்தில் அட்டை தொங்க, புது ஷூ பளபளக்க, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மூட்டை பிரிப்பது, பட்டியல் எழுதுவது, தார்ப்பாய் கட்டுவது எல்லாம் பத்து நாளில் பழகிவிடும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றிச் சொல்கிறேன். பொய் சொன்னவன் நான். வீடு போனது அஞ்சலை என்கிற பெண்ணுக்கு.

சுனாமிக்கு அடுத்த வருஷம். ஐப்பசி கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. கொள்ளிடம் நிறைந்து, தா.பழூர் பக்கத்தில் ஒரு ஊரின் படுகைக்குள் புகுந்தது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற நிலத்தைத்தான் படுகை என்பார்கள். விவசாயக் கூலிக் குடும்பங்கள் அங்கேதான் மண்சுவர் வைத்துக் குடியிருந்தன. ஒரே ராத்திரியில் நாற்பது வீடு கரைந்து போயிற்று. சனங்கள் கரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். நான் அப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளன். ஆங்கிலம் தெரிந்தவன் என்று ஆபீசில் பெயர். பின்னால் வந்த கேடு எல்லாம் அந்தப் பெயரால்தான்.

கடற்கரைப் பக்கம் உதவிக்கு வந்திருந்த வெளிநாட்டு அமைப்புகளிடம் ஜீப்பும் ஆளும் இன்னும் மிச்சம் இருந்தன. அவற்றில் மூன்று நாட்டு அமைப்புகள் எங்கள் பக்கம் வந்தன. கூடவே கடற்கரையில் அச்சடித்த படிவத்தையும் கொண்டுவந்தார்கள். அதில் முதல் கேள்வியே 'சேதமடைந்த படகுகள் எத்தனை?' கரையில் குந்தியிருந்த கலியபெருமாளிடம் நான் அதை அப்படியே கேட்டுத் தொலைத்தேன். அவர் சொன்னால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“படகு இருந்தா நாங்க ஏன் சார் கரையில ஏறிக் குந்தியிருக்கோம்?”

காலியாக விடக் கூடாது என்பது உத்தரவு. பூஜ்யம் என்று எழுதினேன். 'தங்கள் கிராமத்தில் படகுகளுக்குச் சேதம் ஏதும் இல்லை என்றறிந்து மகிழ்கிறோம்' என்று பதில் வந்தது. சனங்களுக்குப் படித்துக் காட்டினேன். மழையில் நனைந்துகொண்டே சிரித்தார்கள்.

அப்புறம் ஒத்துழைப்பு ஆரம்பித்தது. வீடு கட்டித் தருவது என்று மூன்று நாடுகளும் முடிவு செய்தன. யார் கட்டுவது? அதற்காகப் பெரம்பலூரில் கூட்டம் மேல் கூட்டம். கடைசியில் ஒரு நாடு அஸ்திவாரம், ஒரு நாடு சுவர், ஒரு நாடு கூரை என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட இவ்வளவு சுமுகமாக நடந்து நான் பார்த்ததில்லை. சண்டை வந்தது பெயர்ப்பலகையில்தான். யார் பலகை மேலே, யார் பலகை கீழே என்பதற்கே இரண்டு கூட்டம் போயிற்று. முடிவில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் மூன்று பலகை. அது போக மிஞ்சிய இடத்தில் கொத்தனார் ஜன்னல் வைத்தார்.

நாற்பது வீட்டையும் ஒரே தவணையில் கட்ட முடியாது, முதலில் இருபது, அதில் சனங்கள் குடியேறி வசிக்கிறார்கள் என்று உறுதியான பிறகு அடுத்த இருபது என்று ஏற்பாடு. யாருக்கு முதலில் என்பதற்குக் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். கலியபெருமாளுக்கு முதல் தவணையில் ஏழாம் எண் வீடு விழுந்தது. அஞ்சலைக்கு இரண்டாம் தவணை.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். புருஷன் கேரளாவில் கல் உடைக்கப் போனவன், பொங்கலுக்கு வந்தால் உண்டு. மாமியார் இடுப்பு விழுந்து கயிற்றுக் கட்டிலோடு கிடந்தது. தண்ணீர் ஏறிய அன்று அந்தக் கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறியவள் அவள். சீட்டு இரண்டாவதில் விழுந்தபோது, “பரவால்ல சார், அடுத்த ஐப்பசிக்குள்ள கெழவிய ஓட்டு வூட்டுல போட்டுட்டா போதும். இன்னொரு மழைய அது தாங்காது” என்றாள். அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

மறு வருஷம் ஆனி கடைசியில் முதல் இருபது வீடு முடிந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று நாட்டுப் பெரிய மனுஷர்களும் வர வேண்டும். அவர்கள் ஊரில் அப்போதுதான் கோடை விடுமுறை. நம் ஊரில் அது ஆடி.

ஆடியில் புது வீட்டில் யாராவது பால் காய்ச்சுவார்களா? உங்களில் ஒருத்தர் வீட்டிலாவது செய்வார்களா? எனக்குத் தெரியும், எங்கள் இயக்குநருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர்தான். ஆனால் விருந்தாளி முன்னால் தலையை இடவலமாக ஆட்டத் தெரியாத மனுஷர்.

“அவங்க ரிப்பன வெட்டிட்டுப் போகட்டும்ப்பா. இவங்க ஆவணியில குடி போகட்டும். யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

சனங்களும் மறுப்புச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களிடம் எப்படி முகத்தில் அடித்த மாதிரிச் சொல்வது என்று அவர்களுக்குக் கூச்சம். எனக்கு வேறு கூச்சம். மாதம் பார்க்கிறோம் என்றால் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நினைத்துவிடுவார்களே! வந்த பெரிய மனுஷர்களில் ஒருத்தர் திருச்சி ஓட்டலில் பதிமூன்றாம் எண் அறையைக் கொடுத்தார்கள் என்று ரகளை செய்து அறையை மாற்றிக்கொண்டவர். மாற்றச் சொல்லிப் பேசிக் கொடுத்ததே நான்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரிப்பன் வெட்டினார்கள். சாவி கொடுத்தார்கள். முந்திரிப் பருப்பு மாலை போட்டோம். சனங்கள் கைதட்டி, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாய்க் குடிசைக்கே திரும்பினார்கள். இருபது புது வீடு பூட்டிக் கிடந்தது, எதிரே கரைமேல் நாற்பது குடும்பம் தார்ப்பாய்க்குக் கீழே. இதைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்?

ஆடிப் பதினெட்டு கழிந்து நாலு நாள் இருக்கும். காலையில் ஆபீசுக்குப் போன் வந்தது. மூன்று அமைப்புகளும் சேர்ந்து அனுப்பிய வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருத்தர் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கிவிட்டாராம். முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் அவர் வழக்கமாம். வீடுகளில் ஆள் வசிக்கிறதா என்று பார்த்து அவர் எழுதினால்தான் அடுத்த இருபது. இயக்குநர் முகம் வெளிறிப் போயிற்று. “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. போய் ஒரு வூட்டுலயாவது அடுப்ப எரிய வைடா” என்றார். வாழ்க்கையில் அன்றுதான் என்னை டா போட்டார்.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்க் கலியபெருமாளிடம் நின்றேன்.

“ஒரு மணி நேரம்ங்க. அடுப்ப மட்டும் பத்த வைங்க, போதும்.”

“என்ன சார் பேசுறீங்க! மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கேன். ஆடியில அடுப்பு மூட்டுனா குடும்பத்துக்கு ஆவுமா? வூடே வேணாம்னாலும் வேணாம், அது மட்டும் முடியாது.”

“இல்லாட்டி அடுத்த இருவது வூடும் வராதுங்க.”

அவர் யோசித்தார். அவர் சம்சாரம் இடையில் புகுந்து, “வேற யாராச்சும் மூட்டட்டும். அதுவும் அடுப்படியில வேணாம். கூடத்துல மூணு கல்ல வச்சி மூட்டட்டும். அது வெளியில மூட்டுன கணக்கு” என்றாள். வக்கீல் தோற்றார் போங்கள்.

யார் மூட்டுவது? முதல் தவணைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. அஞ்சலை விறகு சுமந்துகொண்டு எதிரே வந்தாள். நான்தான் கூப்பிட்டேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளாக வரவில்லை.

“அஞ்சலை, ஒனக்கும்தான் வூடு வரணும். அடுத்த இருவதுல ஒம்பேரும் இருக்குல்ல. செத்த நேரம் வந்து சோறு ஆக்கும்மா.”

“எனக்கு ஒண்ணும் வம்பு வராதே சார்?”

“ஒரு வம்பும் வராது. நான் இருக்கேன்ல” என்றேன்.

மதிப்பீட்டாளர் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும், நெட்டையான ஆள், அதிகம் பேசாதவர். பையில் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று. பத்தொன்பது வீட்டுப் பூட்டையும் பார்த்தார். எல்லாரும் வயல் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். ஆடிப் பட்டம் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். தலையாட்டினார். ஏழாம் எண் வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே போனோம். கூடத்து நடுவில் மூன்று கல் வைத்து அஞ்சலை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புகை பட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

சமையலறை இருக்கும்போது ஏன் கூடத்தில் சமைக்கிறார் என்று கேட்டார். 'எங்கள் மக்கள் கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து சமைப்பதைத்தான் விரும்புவார்கள், அது எங்கள் பண்பாடு' என்று அடித்துவிட்டேன். பாவி மனுஷர் அதை எழுதிக்கொண்டார். பெயர் என்ன என்று தமிழிலேயே கேட்டார். எங்கேயோ கற்று வைத்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், “அஞ்சலைங்க” என்று சொல்லிவிட்டாள். வீட்டு எண்ணுக்கு நேராக அந்தப் பெயரை எழுதி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அரியலூர் ரயிலடி வரைக்கும் ஜீப்பில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். சுண்ணாம்புக் கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். மனுஷருக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்று உள்ளுக்குள் குதூகலம் வேறு.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் இருபது வீட்டிலும் ஒன்றாகப் பால் காய்ச்சினார்கள். தெருவே மணத்தது. அதே வாரம் அறிக்கையும் வந்தது. பிரமாதம், அடுத்த இருபது வீடு கட்டலாம் என்று ஒப்புதல். இயக்குநர் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை இருந்தது: 'பயனாளிகள் கூடத்தில் சமைப்பதையே தங்கள் பண்பாடாகக் கருதுவதால், அடுத்த கட்ட வீடுகளுக்குச் சமையலறை அவசியமில்லை.' இன்றைக்கும் அந்த ஊருக்குப் போனால் பார்க்கலாம். முதல் வரிசை வீடுகளுக்குச் சமையலறை உண்டு, இரண்டாவது வரிசைக்குக் கிடையாது. அந்த வரிசைப் பெண்கள் கொல்லையில் கீற்றுச் சார்ப்பு இறக்கி அதில்தான் சமைக்கிறார்கள். என் பண்பாட்டுச் சேவை அது.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அறிக்கையோடு இரண்டாம் தவணைப் பட்டியலும் வந்திருந்தது. அதில் அஞ்சலை பெயர் இல்லை. பதிலாக, பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் பெயர். ஏன் என்றும் கீழே எழுதியிருந்தார்கள்: ஏழாம் எண் வீட்டில் வசிப்பவர் பெயரே மறுபடியும் வருவதைக் கணினி கண்டுபிடித்துவிட்டதாம். ஒருத்தருக்கு இரண்டு வீடு கொடுக்க முடியாதாம். பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை, திருத்தம் இருந்தால் காரணத்தோடு தெரிவிக்கவும் என்றும் ஒரு வரி.

இயக்குநரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “காரணம்னு என்னத்த எழுதுவ? நாங்க நாடகம் போட்டோம்னா? வாயத் தொறந்தா இருவது வூடும் போச்சு. ஒருத்திக்காக இருவது குடும்பத்த மழையில விடுவியா?” என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நம் தொழிலில் பயம் எப்போதும் நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும், கவனமாக இருங்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மனை அளந்து, ஐப்பசி மழைக்குள் முடித்துவிடுவோம் என்று சொல்லிப் பெயர் கூப்பிட்டார்கள். அஞ்சலை பெயர் வரவில்லை. மறுநாள் பஸ் ஏறி ஜெயங்கொண்டம் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

“எல்லாரு பேரையும் கூப்புட்டாங்க சார். எம்பேரு எங்க?”

“வரும்மா. எழுத்துப் பிழை. சரி பண்ணிட்டு இருக்கோம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அப்ப சரிங்க, போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நம்பிவிட்டுப் போனாள். புரட்டாசி முழுக்க நான் அங்கே இங்கே விசாரித்தேன், வேறு திட்டத்தில் நுழைக்கப் பார்த்தேன், பெரம்பலூருக்கு நாலு நடை நடந்தேன். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்த்தேன்.

புரட்டாசி கடைசியில் மனம் பொறுக்காமல், இயக்குநருக்குத் தெரியாமல், மதிப்பீட்டாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆடி, அடுப்பு, மூன்று கல், அஞ்சலை, என் பண்பாட்டுப் பிரசங்கம், ஒன்று விடவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. சுருக்கமாகத் தமிழில் சொல்கிறேன்.

அந்த அடுப்பு தனக்காக மூட்டப்பட்டது என்பது அவருக்கு அன்றே தெரியுமாம். புது வீட்டில் எங்கும் ஒரு பொட்டுக் கரி இல்லை, பூட்டுகளில் சிலந்தி வலை. முப்பது வருஷமாக இதே வேலை பார்ப்பவர், இதுகூடத் தெரியாதா? ஏதோ காரணம் இருக்கும், ரயிலடி போவதற்குள் நானாகச் சொல்வேன் என்று வழி முழுக்கப் பேசாமல் காத்திருந்தாராம். நான் சொல்லவில்லை. காலி என்று எழுதினால் மிச்சமிருக்கிற குடும்பங்கள் கெடும் என்று, காட்டியதைப் பார்த்தபடி எழுதிவிட்டாராம். 'இப்படி ஒரு மாதம் உண்டு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஒரு வரியை எழுதியிருப்பேன். வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது. பட்டியல் போன வாரம் கையெழுத்தாகிவிட்டது. கேட்டுப் பார்த்தேன், இந்த வருஷம் இனி மாற்ற முடியாது என்கிறார்கள். நான் எழுதியதிலும் தவறு உண்டு' என்று முடித்திருந்தார்.

போன வாரம்! ஆவணியில் எழுதியிருந்தால் அவள் வீடு அவளுக்கு. இருபது வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேனே, அந்த இருபதுக்கும் ஆபத்தே இருந்ததில்லை. அஞ்சலைக்குப் பின்னால் ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு வழியில் வீடு கிடைத்தது. அதில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த வீட்டில் போட அப்போது கிழவி இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நம் சனங்களின் பழக்கத்தை மறைக்க நாம் யாரும் வேலைக்கு வரவில்லை. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆங்கிலம் தெரிந்தவன் என்று நம்மை முன்னால் நிறுத்துகிறார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அதன் பலனை அனுபவிப்பது நாம் அல்ல. இதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பதில் வந்த அன்று மத்தியானமே கிளம்பினேன். ஐப்பசி பிறந்து ஒரு வாரம். தா.பழூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கரையில் ஏறியதும் அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டாள்.

“நனையாதீங்க சார், உள்ள வாங்க!”

குனிந்து தார்ப்பாய்க்குள் போனேன். கட்டிலில் கிழவி சுருண்டு கிடந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்துப் பிழை என்றது பொய், பெயர் போனது என்னால், இந்த வருஷம் வீடு இல்லை.

“நானா வந்தேன் சார்? நீங்கதானே கூப்புட்டீங்க.”

“ஆமாம்மா.”

“வம்பு வராதுன்னீங்க.”

“ஆமாம்மா.”

“கெழவிக்கு நான் என்னத்தச் சொல்ல? ஐப்பசிக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்னு தெனம் சொல்லி வச்சிருக்கேன்.”

காற்று ஒரு வீச்சு வீசி, கட்டில் பக்கத்து முனைக் கயிறு அறுந்து தார்ப்பாய் படபடவென்று அடித்தது. “பேச்சு கெடக்கட்டும், அந்த முனையப் புடிங்க மொதல்ல!” என்று கத்தினாள். பாய்ந்து பிடித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டாள். மழை விடுகிற மாதிரி இல்லை. தோள்பட்டை மரத்துப் போய், ஒரே ஒரு தடவை கை மாற்றினேன். அந்த நேரத்தில் சேர்ந்திருந்த தண்ணீர் அத்தனையும் கிழவியின் கால்மேல் கொட்டியது. அஞ்சலை ஒரு கையால் முனையைப் பிடித்தபடியே குனிந்து, முந்தானையால் அந்தக் கால்களைத் துடைத்தாள்.

அப்புறம் மழை விடுகிற வரைக்கும் நான் கை மாற்றவில்லை.